முங்கோவுக்கு அந்தப் பக்கத்து விடை

ஓர்தான்ஸ் ங்கோ பிகாய் என்னிடம் முதன்முதலாகப் பேசியது கண்டங்களைப் பற்றி.

அது 2010ஆம் ஆண்டு, ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. வினாடி வினா முடிந்து, கேள்விச் சீட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டு மாமி அராவின் மதுக்கடைப் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். மலையிலிருந்து பனி இறங்கி, எதிர்ச்சாரியில் இருந்த தையற்கடைகூடத் தெரியவில்லை. வாசலில் குடையோடு ஒரு பெண் நின்றிருந்தார். ஏழாவது மேசையில் தனியாக உட்காருபவர் என்று மட்டும் தெரியும். மற்ற மேசைகளில் மூன்று பேர், நாலு பேர் இருப்பார்கள். இவர் மேசையில் இவரும் ஒரு கைப்பையும்தான்.

“உலகத்துல மொத்தம் எத்தனை கண்டம்?” என்றார். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

“ஏழு.”

“அது இங்கிலீஷ்ல. நீ துவாலாவுல ஃப்ரெஞ்ச் லிசே பள்ளியில படிச்சவதானே? அங்க எத்தனை சொல்லிக் குடுத்தாங்க?”

“அஞ்சு. சில வாத்தியாருங்க ஆறுன்னு சொல்வாங்க.”

“ரெண்டு இடத்துலயும் பரீட்சை எழுதியிருக்கியே, எதை எழுதின?”

“பேப்பர் எந்த பாஷையில வந்துச்சோ, அதை.”

அவர் சிரித்த சிரிப்பில் குடை ஆடி என் மேல் தண்ணீர் தெறித்தது.

“அப்ப உனக்கு ரெண்டு உலகம் இருக்கு. இருந்தும், இன்னைக்கு நான் அஞ்சுன்னு எழுந்து நின்னு சொன்னப்ப, தப்புன்னு படிச்சியே?”

“சீட்டுல ஏழுன்னு இருந்துச்சு ஆன்ட்டி. நான் படிக்கிறவ மட்டும்தான்.”

“சீட்டை எழுதினது?”

“மாஸ்டர்.”

“அதை ஃப்ரெஞ்ச்சுக்கு மாத்தினது?”

மாற்றியது நான்தான். அந்த வேலைக்காகத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள்.

“கோவிச்சுக்கல, பொண்ணே. ஆனா ஒண்ணு. தெரியாதவன் தப்புன்னு சொன்னா அவன் மேல வருத்தமே வராது. ரெண்டு பக்கமும் தெரிஞ்சவ சொல்றப்பதான் வருது.” பிறகு குடையை என் கையில் திணித்தார். “மழை வலுக்கப் போகுது. எனக்கு ரெண்டு எட்டுதான் வீடு. திங்கக்கிழமை மைல் பதினேழு பஸ் ஏஜென்சியில குடுத்துடு.”

குடையைக் கொடுக்கப் போனதில்தான் அவரை நான் அறிந்துகொண்டேன்.

மைல் பதினேழு பேருந்து நிலையத்தில், துவாலாவுக்கும் யாவுண்டேவுக்கும் வண்டி விடும் ஏஜென்சி ஒன்றில் பயணச்சீட்டுக் கிழிப்பவர் அவர். கம்பி போட்ட சின்ன ஜன்னல், அதற்குப் பின்னால் உயரமான முக்காலி, அதில் பத்தொன்பது வருடம். ஊரில் அவருக்கு மதாம் ஏஜென்சி என்று பெயர். கணவர் அதே ஏஜென்சியில் டிரைவராக இருந்து, மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போது காய்ச்சலில் இறந்துபோனார். மகன் வளர்ந்து, கிழக்கே பெர்துவாவில் மர ஆலையில் வேலைக்குப் போய்விட்டான்.

அவருக்கு எப்படி அவ்வளவும் தெரியும் என்று எல்லோருக்கும் வியப்பு. அவரைக் கேட்டால், பஸ்ஸில் விட்டுப்போனவை என்பார். பயணிகள் இருக்கையில் மறந்து விட்டுப்போகும் செய்தித்தாள், பாதிப் புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள் எல்லாவற்றையும் டிரைவர்கள் அவர் ஜன்னலில் கொண்டுவந்து போடுவார்கள். மூன்று நாள் யாரும் கேட்டு வரவில்லையென்றால் அவருக்குச் சொந்தம். ஹீலியத்தைப் பூமியில் கண்டுபிடிப்பதற்கு முன்பே சூரியனில் கண்டுபிடித்தார்கள் என்பதை அவர் பலூன் விற்பவன் விட்டுப்போன ஒரு தாளில் படித்தாராம். ஃபும்பான் மன்னர் தம் மொழிக்கென உருவாக்கிய எழுத்து பல நூறு குறிகளில் தொடங்கி எண்பது சொச்சத்தில் முடிந்த கதையை, அந்த ஊர்க்காரப் பயணி ஒருவர் வண்டி பழுதாகி நின்ற நாலு மணி நேரத்தில் சொல்லியிருக்கிறார்.

பள்ளி திறக்கும் செப்டம்பர் மாதத்தில் அவரைப் பார்க்க வேண்டும். விடுதிப் பிள்ளைகள் தகரப் பெட்டியும் மெத்தையுமாக வந்து ஜன்னல் முன்னால் வரிசை கட்டுவார்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று கேட்டு, முடிந்தவரை ஜன்னலோர இடமாகப் போட்டுக்கொடுப்பார். போன வருடம் படித்ததில் ஒரு கேள்வி கேட்காமல் சீட்டு கைக்கு வராது. பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். பின்னால் நிற்கும் அம்மாக்கள் இன்னும் அலுத்துக்கொள்வார்கள். வண்டி கிளம்பியதும் அவர் முக்காலியை விட்டு இறங்கி, வெளியே வந்து, அது செக்போஸ்ட் திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்ப்பார். மற்ற மாதங்களில் அவர் எந்த வண்டிக்காகவும் இறங்கி நான் பார்த்ததில்லை.

குடையைக் கொடுத்தபோது, அன்று ஏன் மஞ்சள் கேட்கவில்லை என்று விசாரித்தேன்.

மஞ்சள் என்பது எங்கள் வினாடி வினாவின் வழக்கம். சரியான விடைக்குக் கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் கோடு விழும். விடை தப்பு என்று அறிவித்த பிறகும், தான் சொன்னதே சரி என்று ஒருவர் நின்றால், மஞ்சள் கோடு போடுவார்கள். அது ஒரு வாரம் தொங்கும். அடுத்த சனிக்கிழமைக்குள் அவர் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கைபேசியில் காட்டுவது செல்லாது. காட்டினால் மஞ்சள் வெள்ளையாகும், இல்லாவிட்டால் அழியும். இந்த வழக்கம் எங்கள் ஊருக்குத் தேவையாகத்தான் இருந்தது. முங்கோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆங்கிலப் பள்ளி, அந்தப் பக்கம் பிரெஞ்சுப் பள்ளி. புகைப்படத்தை யார் கண்டுபிடித்தார் என்று கேட்டால் இந்தப் பக்கம் ஒரு பெயர் சொல்லும், அந்தப் பக்கம் இரண்டு பெயர் சொல்லும். நெப்டியூன் கிரகத்துக்கும் அப்படித்தான். ஹீலியத்துக்கும் அப்படித்தான். எங்கள் ஊரான புயாவில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மீனைத் தின்பவர்கள். ஆகவே மஞ்சள் கோடு இல்லாத சனிக்கிழமை குறைவு.

“மஞ்சள் கேக்கணும்னா புஸ்தகம் வேணுமே,” என்றார் அவர். “என் கிட்ட இருக்கறதெல்லாம் அட்டை இல்லாத புஸ்தகம், நடுவுல இருந்து ஆரம்பிக்கும். அதைக் கொண்டுவந்து காட்டினா மாஸ்டர் ஒத்துப்பாரா?”

மாஸ்டர் என்று எல்லோரும் அழைப்பது திரு. எவானே ங்கோலே. குடிநீர் வாரியத்தில் பொறியாளர். மாமி அராவின் கொல்லையில் வினாடி வினாவைத் தொடங்கியவர் அவர்தான். வெற்றி பெறும் மேசைக்கு ஒரு முழு வாட்டிய மீனும், இலையில் சுற்றி அவித்த ஒரு கட்டு மரவள்ளி மியோன்டோவும் என்பதும் அவர் ஏற்பாடு. நல்ல மனிதர். குரல் உயர்த்தமாட்டார்.

அதற்குப் பிறகு நான் ஏழாவது மேசையைக் கவனிக்கத் தொடங்கினேன். சில மாதங்களில் ஒன்று புரிந்தது. எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்கும் அவர், வானூர்தி பற்றிக் கேள்வி வந்தால் மட்டும் கையைக் கீழே வைத்துக்கொண்டார். அட்லான்டிக் கடலை நிற்காமல் முதலில் பறந்து கடந்தவர்கள் யார் என்று ஒருநாள் கேட்டோம். மாணவர் மேசை ஒன்று எல்லோரும் சொல்லும் அமெரிக்கரின் பெயரைச் சொல்லித் தோற்றது. அவருக்கு எட்டு வருடம் முன்னாலேயே, 1919இல், இரண்டு பேர் சேர்ந்து கடந்துவிட்டார்கள். ஓர்தான்ஸுக்கு அது தெரியும் என்பது அவர் உதட்டிலேயே தெரிந்தது. ஆனால் கையைத் தூக்கவில்லை. தன் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் மழையில் வண்டிகள் எல்லாம் தாமதமான ஒரு பிற்பகலில், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் சீட்டுக் கட்டை ஓரம் தட்டிச் சமப்படுத்தினார். பிறகு சொன்னார்.

அவர் பிறந்தது முங்கோவுக்கு அந்தப் பக்கம், எடெயாவில். அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். பதினோரு வயதில் அப்பாவுக்கு டிக்கோவில், வாழைத் தோட்ட எஸ்டேட்டில் மெக்கானிக் வேலை கிடைத்து, குடும்பம் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள். இரண்டு வருடத்தில் அந்தப் பள்ளியிலேயே அதிகம் தெரிந்த பிள்ளை அவர்தான் என்று ஆகிவிட்டது. 1981 இளைஞர் நாளுக்குச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் பொது அறிவுப் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கும் பிள்ளைக்கு இருமொழிப் பள்ளி ஒன்றில் விடுதியோடு இடம், செலவு முழுக்க எஸ்டேட் பொறுப்பு. கடைசிச் சுற்றில் டிக்கோவுக்கு இவர். எதிரே விக்டோரியாப் பையன் ஒருவன். லிம்பே ஊருக்கு அப்போது விக்டோரியா என்று பெயர்.

“மோட்டார் வெச்ச யந்திரத்துல முதல்ல வானத்துல பறந்தது யாருன்னு கேட்டாங்க. நான் கை தூக்கினேன். க்ளெமான் ஆதேர், 1890ன்னு சொன்னேன். எடெயாவுல எங்க வாசிப்புப் புஸ்தகத்துல படம் போட்டிருக்கும். வௌவால் மாதிரி றெக்கை. அந்தப் படத்துக்கு நான் கலர் அடிச்சு அடி வாங்கியிருக்கேன். அந்த விடை எப்படித் தப்பாகும்?”

தப்பு என்று சொன்னார்கள். விக்டோரியாப் பையன் ரைட் சகோதரர்கள் என்றான். சரி என்று சொன்னார்கள். இவர் உட்காரவில்லை. மூன்று முறை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

மறுநாள் அந்த வாசிப்புப் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, நடுவராக இருந்த தலைமையாசிரியர் வீட்டுக்கே நடந்து போயிருக்கிறார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துடைத்த கையால் புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தார். திட்டவில்லை. “இந்த வருஷப் போட்டி இங்கிலீஷ்ல நடந்துச்சு. உன் புஸ்தகம் ஃப்ரெஞ்ச்சுல இருக்கே, பாப்பா” என்று மட்டும் சொன்னார். புத்தகம் அவர் மேசையிலேயே இருந்துவிட்டது. திருப்பிக் கேட்க இவருக்குக் கூச்சம். அந்த வருடத்தோடு அவர் படிப்பும் நின்றது. வீட்டில் தம்பிகள் மூன்று பேர்.

“அந்தப் பையன் போய் நல்லாப் படிச்சானா?” என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான்.

“நல்லாப் படிச்சாரு. குடிதண்ணி வாரியத்துல இருக்காரு. வாரா வாரம் உன் கிட்ட கேள்விச் சீட்டுக் குடுக்கறாரே.”

எட்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அந்த மனிதருக்கு நாலு கெஜம் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“என்னன்னு சொல்ல? அவர் என்ன திருடினாரா? கேட்டாங்க, சொன்னாரு. அவருக்கு என்னை அடையாளமும் தெரியல. தெரிஞ்சா பாவம், சங்கடப்படுவாரு. எனக்கு அங்க வந்து உக்காரணும், அவ்வளவுதான். கேள்வி கேக்கற இடத்துல நான் உக்காந்திருக்கணும்.”

அப்போது வண்டி வந்துவிட்டது. அவர் மைக்கில் இருக்கை எண்களைக் கூப்பிடத் தொடங்கினார்.

அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வாரம் நான் ஒரு கேள்வி எழுதினேன். மொழிபெயர்ப்பவள் கேள்வி எழுதுவது வழக்கமில்லை. இரண்டு பக்கமும் தெரிந்தவள் என்று அவர் வாசலில் நின்று சொன்னது எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு மொழியிலும் எழுதி, மற்ற சீட்டுகளுக்கு நடுவே வைத்து, வெள்ளிக்கிழமை மாஸ்டரிடம் கொடுத்தேன்.

மாஸ்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அதில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை நான் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடக் கேட்டதில்ல, எபோசி. என்னைப் படிக்க வெச்சதே இந்தக் கேள்விதான். அதனாலயோ என்னவோ எழுத வரல.” பிறகு, டிக்கோவில் நடந்த அந்தப் போட்டியை அவர் சொன்னார். எதிரே ஒரு பெண், முங்கோவுக்கு அந்தப் பக்கத்து உச்சரிப்பு, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “அவ நின்னது இன்னும் கண்ணுல இருக்கு. எங்க இருக்காளோ.”

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அது என்னுடைய விஷயம் இல்லை என்று அடக்கிக்கொண்டேன். அவர் சீட்டைக் கட்டிலேயே திரும்ப வைத்தார்.

சனிக்கிழமை அது ஒன்பதாவது கேள்வியாக வந்தது. முதலில் ஆங்கிலத்தில் படித்தேன், பிறகு பிரெஞ்சில். மாணவர் மேசையில் ஒரு கை பாதி எழுவதற்குள் ஏழாவது மேசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நின்றிருந்தார்.

“க்ளெமான் ஆதேர். ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறு.”

“யாரு மதாம் அது, உங்க ஏஜென்சி டிரைவரா?” என்றான் மாணவன் ஒருவன். கொல்லை முழுக்கச் சிரித்தது. “டிரைவரா இருந்தா தொண்ணூறுல கிளம்பின வண்டி இன்னும் வந்திருக்காது” என்றார் இன்னொருவர். இன்னும் சிரிப்பு.

சீட்டில் இருந்ததை நான் படிக்க வேண்டியிருந்தது. ரைட் சகோதரர்கள், 1903 என்று படித்தேன். ஓர்தான்ஸ் உட்காரவில்லை.

“உக்காருங்க மதாம்,” என்றார் மாஸ்டர், வழக்கமான குரலில்.

அவர் நின்றார்.

“உக்காருங்க” என்று இரண்டாம் முறை சொல்லி மாஸ்டர் நிறுத்திக்கொண்டார். மூன்றாம் முறை சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. ஓர்தான்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரும்பலகைக்குப் போய், மஞ்சள் சுண்ணக்கட்டியைத் தானே எடுத்து, ஏழாவது மேசைக்கு நேராக ஒரு கோடு போட்டார். கோடு கொஞ்சம் வளைந்தது.

“அடுத்த சனிக்கிழமை புஸ்தகம் வேணும்,” என்றார்.

அந்த வாரம் மைல் பதினேழில் வேறு பேச்சு இல்லை. ஞோ என்ற டிரைவர் தினமும் துவாலா போய் வருபவர். ஓர்தான்ஸ் அவரிடம் முதலில் சொன்னார். பிறகு எடெயா வழியாகப் போகும் எல்லா வண்டிக்கும் சொல் போயிற்று. சிவப்பு அட்டை, பிரெஞ்சு வாசிப்புப் புத்தகம், நடுவகுப்பு, உள்ளே வௌவால் றெக்கை வைத்த யந்திரத்தின் படம். பழைய புத்தகக் கடை, பள்ளி வாத்தியார் வீடு, பாதிரியார் வீடு, எங்கே இருந்தாலும் கொண்டு வர வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு ஞானோபதேசப் புத்தகம் வந்தது. அட்டை சிவப்பு. செவ்வாய் ஒரு கணக்குப் புத்தகம். புதன்கிழமை ஞோ பெரிய வெற்றியோடு வந்து நீட்டியது லாரி ஓட்டும் உரிமத்துக்கான கையேடு. “மேலட்டையில பிளேன் இருக்கு பாருங்க மதாம்” என்றார். உண்மைதான், ஒரு மூலையில் இருந்தது. ஓர்தான்ஸ் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார். நான் மாலையில் வேலை முடிந்து அந்த வழியாக வரும்போதெல்லாம் ஜன்னலில் தலை மட்டும் ஆடும், இன்னும் இல்லை என்று. அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு பரபரப்பு. அந்த வாரம் இரண்டு பேருக்கு ஒரே இருக்கையைப் போட்டுக் கொடுத்துவிட்டார். பத்தொன்பது வருடத்தில் நடக்காதது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி வண்டியில் அது வந்தது. எடெயாவில் இறந்துபோன ஆசிரியர் ஒருவரின் மனைவி, துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தார். நானும் அங்கே இருந்தேன். வாசிப்புப் புத்தகம், நடுவகுப்பு, எல்லாம் சரி. அட்டை மட்டும் நீலம். பின்னால் வந்த பதிப்பு.

அவர் நேராக அந்தப் பக்கத்துக்குப் போனார். படம் இருந்தது. உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். பிறகு கையை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு எதுவும் பேசாமல் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

நாலு வரி இருந்தது. 1890இல் க்ளெமான் ஆதேரின் யந்திரம் தன் சொந்த விசையால் தரையை விட்டு எழுந்தது, ஐம்பது மீட்டர் போனது என்று முதல் இரண்டு வரி. அது ஒரு சாண் உயரம்தான் எழுந்தது, அதைத் திருப்பவோ நிறுத்தவோ முடியவில்லை, மனிதன் உண்மையில் பறந்தது 1903இல் அந்த இரண்டு அமெரிக்கச் சகோதரர்களோடுதான் என்று அடுத்த இரண்டு வரி.

“அங்க நான்தான் இதைப் படிச்சு இங்கிலீஷ்ல சொல்லணும்,” என்றேன். “மொத ரெண்டு வரி போதும் ஆன்ட்டி. படத்தைக் காட்டி ரெண்டு வரி படிச்சா வெள்ளை விழுந்துடும். யாரும் புஸ்தகத்தை வாங்கிப் பாக்கமாட்டாங்க.”

அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன்னும் பின்னும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

“என் புஸ்தகத்துல ரெண்டு வரிதான் இருந்துச்சு,” என்றார் அவர். “இதுல நாலு இருக்கு. இருக்கறதைப் படி.”

அன்று வினாடி வினாவில் நாலும் படித்தேன். முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில், ஒரு சொல் விடாமல். கொல்லையில் யாரும் சிரிக்கவில்லை. போன வாரம் டிரைவர் என்று சொன்ன மாணவன் எழுந்து வந்து படத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு மதாம், றெக்கை” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாஸ்டர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பலகை முன்னால் நின்றார். அழிக்கவில்லை.

“எண்பத்தொண்ணுல இந்தப் புஸ்தகம் கிடையாது,” என்றார். மற்றவர்களுக்கு அது புரிந்திருக்காது. “அப்ப உங்க கையில இருந்தது ரெண்டு வரி. அதை வெச்சுப் பாத்தா நீங்க சொன்னது சரி. நான் இதை வெள்ளையா மாத்தறேன்.”

“அழிச்சிடுங்க மாஸ்டர். ஒரு வாரம் தொங்கிச்சு. அதுவே போதும்.”

அவர் மெதுவாக அழித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு மாமி அரா யாரும் கேட்காமலே ஒரு தட்டு மீன் கொண்டுவந்து ஏழாவது மேசையில் வைத்தார். மாஸ்டர் எதிரில் வந்து உட்கார்ந்தார். மழைக்கால வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மீதம் இருந்தது. நான் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்ததால் அவர்கள் பேசியது எல்லாம் என் காதில் விழவில்லை. உங்கள் இடத்தில் நான் படித்தேன் என்று மாஸ்டர் சொல்ல, இல்லை, உங்கள் சொந்த இடத்தில்தான் படித்தீர்கள் என்று ஓர்தான்ஸ் சொன்னது கேட்டது. யார் யார் இறந்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அந்தத் தலைமையாசிரியரின் மீசையைப் பற்றி ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மாஸ்டர் சொன்னதை நான் முழுதாகக் கேட்டேன்.

“உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? அது பதினெட்டாவது கேள்வி. மொத்தம் இருபது. உறையில இன்னும் ரெண்டு சீட்டு இருந்துச்சு. அதுக்கு முன்னாலயே நான் ரெண்டு மார்க் கூட இருந்தேன், அதோட மூணு ஆச்சு. இனிமே கேட்டு என்னன்னு நடுவர் உறையை ஒட்டிட்டாரு. நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அந்த ரெண்டையும் நினைச்சு நான் பயந்துக்கிட்டு இருந்தேன். கேட்டிருந்தா ரெண்டும் எனக்குத் தெரியாமப் போயிருக்குமோன்னு.”

ஓர்தான்ஸ் மீனைப் பிய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“நான் பயப்படல மாஸ்டர்,” என்றார். “நான் அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்.”

அன்று அவரோடு நடந்து போகும்போதுதான் எனக்குக் கணக்கு புரிந்தது. அந்த ஒரு மதிப்பெண் கிடைத்திருந்தாலும் அவர் ஒன்று பின்னால்தான் இருந்திருப்பார். மீதி இரண்டையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. இந்த இருபத்தொன்பது வருடத்தில் அவர் சீட்டுக் கிழித்ததும், விட்டுப்போன தாள்களைப் படித்ததும், செப்டம்பரில் பிள்ளைகளின் வண்டியைப் பார்த்து நின்றதும் ஆதேருக்காக அல்ல. ஒட்டிய உறைக்குள் இருந்த அந்த இரண்டு கேள்விகளை அவர் எல்லா இடத்திலும் தேடியிருக்கிறார். எது வந்தாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் படித்திருக்கிறார்.

இப்போது அவர் புயாவில் இல்லை. இரண்டு வருடம் முன்பு மகன் வந்து பெர்துவாவுக்குக் கூட்டிப்போய்விட்டான். மைல் பதினேழின் ஜன்னலில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார், பெயரும் ஊரும் தவிர எதுவும் கேட்பதில்லை. என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் எழுதி அடித்த கேள்விகள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒன்று எளிதாக இருக்கிறது, ஒன்று அவருக்கு ஏற்கெனவே தெரியும், ஒன்றுக்கு ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு விடை இருக்கிறது. இன்னும் ஒன்றைக்கூட அனுப்பவில்லை.

மீன் சாப்பிட்ட அந்தச் சனிக்கிழமை, அவர் வீட்டு வாசல்வரை நானும் போனேன். சாவியைக் கதவில் போட்டுவிட்டு, திருகாமல், திரும்பி நின்று கேட்டார்.

“அந்த ரெண்டு கேள்வியை நீ எழுதித் தா, பொண்ணே. அவசரமில்ல. பதிமூணு வயசுப் பிள்ளைக்குன்னு பாவம் பாத்து எழுதாத, கஷ்டமா இருக்கட்டும். எந்த பாஷையில வேணா எழுது, ஆனா விடை ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். மொதல்ல கேக்கறதை நான் தப்பாச் சொன்னாலும் நிறுத்திடாத. ரெண்டாவதையும் கேட்டுடு.”